கெம் கெம் ஸ்பைனோசாரஸ் பல்: எவ்வளவு அசல், எவ்வளவு ஒட்டு?

பவளத்திட்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இணைய ஏலத்தில் வாங்கிய டைனோசர் படிவப் பல் இது. விற்பனையாளர் போட்டிருந்த விவரம்: "ஸ்பைனோசாரஸ் ஈஜிப்டியாகஸ், கெம் கெம், மொராக்கோ. வேருடன் முழுப் பல். 100% அசல்." கையொப்பமிட்ட சான்றிதழும் வந்திருக்கிறது.

மொத்த நீளம் 92 மி.மீ. அதில் எனாமல் உள்ள மகுடம் 68, வேர் 24. மகுடத்தின் அடி 21 × 18 மி.மீ. எடை 33.6 கிராம். மகுடம் தேன் பழுப்பு, வேர் செங்காவி. நுனியிலிருந்து 40 மி.மீ. கீழே பல்லைச் சுற்றி ஒரு விரிசல். அந்த இடத்தில் 5, 6 மி.மீ. அகலத்துக்கு மேற்பரப்பு மங்கலாக, நெடுக்கு வரிகளே இல்லாமல் இருக்கிறது. ஆறு படங்கள் இணைத்துள்ளேன்.

கையில் 10 மடங்கு லென்சும் 0.01 கிராம் நகைத் தராசும் உள்ளன. பல்லைக் கெடுக்காமல் எதை எந்த வரிசையில் சோதிக்கலாம்? திருப்பி அனுப்ப இன்னும் காலம் இருக்கிறது.

சுண்ணாம்புக்கல்

முதலில் சான்றிதழை ஓரமாக வையுங்கள். விற்பவரே அச்சடித்துத் தருவது அது. அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

அசலா போலியா என்று கேட்டால் கெம் கெம் பல்லுக்குப் பெரும்பாலும் சரியான விடை வராது. முழுக்க ரெசினில் வார்த்த பல் சந்தையில் குறைவு. அசல் துண்டுகளை வைத்துக் கட்டிய பல்தான் அதிகம். காரணம் எளிது. அங்கே ஸ்பைனோசார் பல் கொட்டிக் கிடக்கிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஆற்றுப்படிவில் சேகரித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு ஸ்பைனோசார்களுடையவை. ஆக, 3 செ.மீ. நீள உடைந்த பல் மலிவு. 9 செ.மீ. முழுப் பல் அரிது, விலையும் பல மடங்கு. இரண்டு மலிவான துண்டுகளை ஒட்டி ஒரு விலையுயர்ந்த பல்லாக்குவது மொராக்கோவின் எர்ஃபூத், ரிஸ்ஸானி ஊர்ப் பக்கத்துப் பட்டறைகளில் பழைய கைவேலை. எனவே எந்தெந்த மில்லிமீட்டர் அசல் என்று பார்க்க வேண்டும்.

படத்தைப் பார்த்தவரை மகுடம் அசல் எனாமல். நடுவில் உள்ள மங்கலான பட்டை நிரப்பியது. வேர் மீதுதான் என் சந்தேகமெல்லாம்.

கிளிஞ்சல்

வேர் விஷயத்துல நானும் அதையேதான் சொல்வேன். டைனோசருக்கு ஆயுசு முழுக்கப் பல் விழுந்து முளைச்சுக்கிட்டே இருக்கும். அடியில புதுப் பல் வளரும்போது பழைய பல்லோட வேரைக் கரைச்சுடும். மேல இருக்குற மகுடம் மட்டும் உதிரும். கெம் கெம்ல கிடைக்கிறதுல பெரும்பங்கு இப்படி உதிர்ந்த மகுடம்தான். அடி லேசா குழிஞ்சு, ஓரம் ஒழுங்கில்லாம இருக்கும், வேரே இருக்காது. விலங்கு செத்து தாடை சிதைஞ்ச பிறகு விழுந்த பல்லுலதான் வேர் இருக்கும். அது அபூர்வம்.

அசல் வேர்னா எப்படி இருக்கும்னு சொல்றேன், லென்ஸ் வச்சுப் பாருங்க. மேற்பரப்பு வழவழப்பு, நெடுக்க மெல்லிய நார் மாதிரி வரி. மகுடத்துல இருந்து வேருக்குப் போற இடத்துல எனாமல் மட்டும் முடியும், கீழே டென்டின் (எனாமலுக்கு அடியில இருக்குற பல்பொருள்) அதே வளைவுல தொடரும், படி மாதிரி மேடு பள்ளம் இருக்காது. உள்ளே பல்கூழ் குழி, அதுல படிவு அடைச்சிருக்கும். வேர் பொதுவா மகுடத்தை விட நீளமும்கூட. உங்களுது 68க்கு 24. உடைஞ்சிருந்தா முறிவு தெரியணும். படத்துல அடி உருண்டு மழுங்கி முடிஞ்சிருக்கு. மணல்ல பசை குழைச்சுப் பூசினா இப்படித்தான் வரும்.

பவளத்திட்டு

லென்ஸில் பார்த்தேன். வேரின் மேற்பரப்பில் மணல் துகள்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன, நார் வரி இல்லை. ஓரிடத்தில் சிறு எலும்புத் துண்டு பதிந்திருக்கிறது. மகுடமும் வேரும் சேரும் இடத்தில் வேர்ப்பொருள் எனாமல் மீது அரை மில்லிமீட்டர் ஏறி நிற்கிறது.

சுண்ணாம்புக்கல்

எனாமல் மீது ஏறி நிற்கிறது என்றால் அது பிறகு பூசியது. இயற்கையில் எனாமல்தான் டென்டின் மேல் உட்கார்ந்திருக்கும், தலைகீழாக அல்ல.

இனி நடு விரிசல். விரிசல் இருப்பது குற்றமல்ல. ஏறத்தாழ 10 கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்த பல் இரண்டாக உடைந்து வருவதும், தோண்டியவர் ஒட்டுவதும் வழக்கம். இரண்டு துண்டும் ஒரே பல்லா என்பதே கேள்வி. மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, விளிம்பு. ஸ்பைனோசார் பல்லில் முன்னும் பின்னும் ஒவ்வொரு மெல்லிய விளிம்புக்கோடு நுனியிலிருந்து அடி நோக்கி ஓடும். கெம் கெம் பற்களில் அதில் ரம்பக் கூர்கள் இருக்காது. அந்தக் கோடு விரிசலுக்கு மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். 1 மி.மீ. விலகினாலும் துண்டு திரும்பி ஒட்டப்பட்டிருக்கிறது, அல்லது அது வேறு பல்.

இரண்டு, நெடுக்கு வரிகள். எண்ணிக்கை மேலும் கீழும் மாறலாம், நுனிப்பக்கம் சில வரிகள் மங்கி மறைவது இயல்பு. ஆனால் தொடரும் வரி பள்ளத்தில் போய் முட்டக் கூடாது. நிரப்பிய இடத்தில் அரத்தால் கீறி வரி போட்டிருப்பார்கள். கீறிய வரி ஒரே ஆழத்தில், கூர்மையான ஓரத்தோடு இருக்கும். அசல் வரிகளுக்கு இடையே எனாமலில் நுண்ணிய சுருக்கம் தெரியும், கீறியதில் அது வராது.

மூன்று, கூம்பின் சரிவு. கேலிப்பரால் நுனியிலிருந்து 10 மி.மீ.க்கு ஒருமுறை விட்டத்தை அளந்து எழுதுங்கள். ஒரே பல்லில் விட்டம் சீராகக் கூடும். விரிசலைத் தாண்டியதும் திடீரெனத் தாவினாலோ, கூடாமல் நின்றாலோ இரண்டு பல்.

வெண்கட்டி

நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அதுதான் அசல் படிவம் என்று படித்தேன். அதைச் செய்து பார்க்கலாமே?

கிளிஞ்சல்

வேண்டாம் தம்பி. நுண்துளை உள்ள எலும்பு ஈரத்தை உறிஞ்சுறதால ஒட்டும். எனாமல்ல துளை இல்லை, அசலா இருந்தாலும் ஒட்டாது. மேல பசை பூசி இறுக்கின எலும்பும் ஒட்டாது. சுட்ட களிமண் நல்லாவே ஒட்டும். அதுல என்ன ரசாயனம் தடவியிருக்கான்னும் தெரியாது. தட்டிப் பார்த்து சத்தம் கேக்குறதும் இதே ரகம்தான்.

மணல்மேடு

லென்ஸுக்கு அடுத்தது யூவி (புற ஊதா ஒளி) சோதனை. 365 நானோமீட்டர் டார்ச் வாங்குங்கள். முகப்பில் கருப்பு வடிகண்ணாடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்துவிடும், மங்கலான ஒளிர்வு அதில் மறைந்துபோகும். யூவி தடுக்கும் கண்ணாடி அணிந்து, முழு இருட்டில், கருப்புத் துணி மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளைத் தாள் மேல் வைத்தால் தாளே நீலமாக ஒளிரும்.

எப்பாக்சியும் ரெசினும் பெரும்பாலும் நீல வெள்ளையாகப் பளிச்சிடும். எனாமல் மங்கலாக, சற்று மஞ்சள் கலந்து தெரியலாம், தெரியாமலும் போகலாம். நிறத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். படிவில் உள்ள கால்சைட்டும் ஒளிரும், ஒட்டியிருக்கும் பஞ்சு நூலும் ஒளிரும். எல்லைக்கோட்டைத் தேடுங்கள்: ஒரு பகுதி திடீரென வேறு நிறத்துக்கு மாறும் கோடு. எதுவும் ஒளிரவில்லை என்பதற்காகப் பசை இல்லை என்றும் ஆகாது. எல்லாச் சூப்பர் க்ளூவும் தெளிவாக ஒளிர்வதில்லை, காவிப்பொடி கலந்து பூசினால் ஒளிர்வு அமுங்கும்.

அடுத்து அடர்த்தி. இதற்கு உங்கள் தராசே போதும்.

உலர்ந்த எடை தெரியும், 33.6. ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து சுழியாக்குங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள், குமிழ் ஒட்டாது. மெல்லிய தையல் நூலில் பல்லைக் கட்டி முழுவதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எவ்வளவோ அவ்வளவு கன செ.மீ. பல்லின் கன அளவு. உலர்ந்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. பத்து நொடிக்குள் எண்ணைப் படித்துவிட்டு வெளியே எடுத்துத் துடையுங்கள். மணலைக் குழைத்தது ஃபெவிகால் வகைப் பசை என்றால் ஊறத் தொடங்கும்.

பல்லின் கனிமமான அபடைட் 3.1க்கு மேல். துளையும் படிவும் சேர்ந்த படிவப் பல் பொதுவாக 2.4க்கு மேல் நிற்கும். வெறும் ரெசின் 1.1 முதல் 1.3. சுண்ணாம்புத்தூள் கலந்து வார்த்த ரெசின் 1.6 முதல் 2 வரை ஏறும், கையில் கனமாகவே இருக்கும். கனத்தை வைத்து ஏமாறுவது அங்கேதான்.

எலும்புக்கோடு

ஊசியைச் சூடாக்கி அடியில் குத்திப் பார்ப்பதைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அதையும் சேர்க்கலாம். ஒரு நிமிட வேலை.

மணல்மேடு

இந்தப் பல்லுக்கு அது உதவாது. பாலியெஸ்டர் ரெசினும் எப்பாக்சியும் இறுகிய பிறகு உருகாதவை. ஊசி பட்டால் கருகி நெடி வரும், அவ்வளவே. அசல் பல்லை இறுக்கப் பூசும் பாரலாய்ட் என்ற அக்ரிலிக் பூச்சிலும் சூட்டில் நெடி வரும். ஆக, நெடி வந்தாலும் எதுவும் நிரூபணமாகாது, குத்திய தழும்பு மட்டும் மிஞ்சும். முழு ரெசின் வார்ப்பு என்று சந்தேகம் இருந்தால் மட்டும் பொருந்தும். அதையும் லென்ஸே காட்டிவிடும்: ஊசித்துளை போன்ற உருண்டைக் குமிழ்கள், அச்சு சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய மேட்டுக்கோடு, அடியில் எனாமலும் டென்டினும் தனித்தனி வளையமாகத் தெரியாமல் ஒரே பொருளாக இருப்பது.

வினிகர், அமிலம் பக்கமும் போக வேண்டாம். அபடைட்டையும் அமிலம் அரிக்கும்.

எலும்புக்கோடு

சரி, ரெசின் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் எக்ஸ்-ரேதான் சிறந்தது. பல் மருத்துவரிடம் இருக்கும் ஆர்விஜி என்ற டிஜிட்டல் எக்ஸ்-ரே கருவியே போதும். உணர்வட்டு சிறியது, 92 மி.மீ. பல்லுக்கு இரண்டு மூன்று படம் எடுக்க வேண்டிவரும். எனாமல் மிக வெண்மையாக விழும், டென்டின் சாம்பல். ஒட்டிய இடம் கருங்கோடு. மணல் பசைக் கலவை புள்ளி புள்ளியாக, காற்றுக்குமிழ் கருவட்டமாகத் தெரியும். உள்ளே கம்பி செருகி இணைத்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

திருப்பி அனுப்பும் எண்ணம் இருப்பதால் ஒன்று: லென்ஸ், யூவி, எக்ஸ்-ரே மூன்றும் பல்லைத் தொடாதவை. இவற்றைப் படத்தோடு முடித்து விற்பனையாளருக்கு எழுதிவிட்டுப் பிறகு தண்ணீருக்குப் போங்கள். பசையைக் கரைக்கும் அசிட்டோன் தொட்ட பல்லை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

பவளத்திட்டு

முடிவுகள்:

யூவி: வேர் முழுவதும் நீல வெள்ளைத் திட்டுகள். நடுப்பட்டையும் அப்படியே. மகுடத்தின் மற்ற இடங்கள் மங்கல் மஞ்சள். எல்லைக்கோடு கத்தியால் வெட்டியதுபோல் தெளிவு.

விளிம்புக்கோடு: இரண்டு பக்கமும் விரிசலுக்கு மேலும் கீழும் நேர்கோட்டில் வருகிறது. விட்டம் நுனியிலிருந்து 10 மி.மீ.யில் 5.1, பிறகு 8.0, 10.8, 13.5, 16.1, 18.6. தாவல் இல்லை.

விற்பனையாளருக்கு எழுதினேன். பாதித் தொகையைத் திருப்பிக் கொடுத்து, பல்லை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆகவே இனி எதையும் செய்து பார்க்கலாம்.

தண்ணீரில் தராசு காட்டியது 14.8. அடர்த்தி 2.27.

சுண்ணாம்புக்கல்

விளிம்பு நேர், சரிவு சீர். மகுடம் ஒரே பல்தான். உடைந்த இடத்தில் சில்லுகள் தொலைந்திருக்கின்றன, அந்த இடைவெளியை நிரப்பி நிறம் பூசியிருக்கிறார்கள். இது பழுதுபார்ப்பு, மோசடி என்று சொல்ல மாட்டேன். சொல்லாமல் விற்றதுதான் தவறு.

2.27 என்பது சராசரி. கனமான மகுடமும் இலேசான வேரும் சேர்ந்து நடுவில் நிற்கிறது. பிரித்துத்தான் அளக்க வேண்டும்.

மணல்மேடு

பிரிக்கும் முறை. ரசாயனக் கடையில் தூய அசிட்டோன் 100 மி.லி. வாங்குங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், சில வகைகளில் அசிட்டோனே இருக்காது. ஜன்னல் திறந்த அறை, அடுப்பும் ஊதுவத்தியும் இல்லாத இடம், கண்ணாடிப் பாத்திரம். பாலிஸ்டைரீன் டப்பா கரைந்துவிடும்.

முதலில் பஞ்சுக் குச்சியை நனைத்து வேரின் அடியில் அரை நிமிடம் உருட்டுங்கள். பஞ்சில் செங்காவி ஏறினால் நிறம் பூசியது. எனாமல் மீதும் ஓரிடத்தில் உருட்டுங்கள். அங்கே பளபளப்பு மட்டும் குறைந்தால் அது பாதுகாப்புப் பூச்சு, கவலை இல்லை.

பிறகு வேர் மட்டும் மூழ்கும்படி நிறுத்தி, மூடி, சில மணி நேரம் விடுங்கள். சூப்பர் க்ளூவும் வெள்ளைப் பசையும் இளகும். எப்பாக்சி என்றால் கரையாது, வீங்கி மெத்தென்று ஆக ஒரு நாள்கூடப் பிடிக்கும். இழுத்துப் பிய்க்காதீர்கள். மரக்குச்சியால் நெம்பும்போது தானாக வந்தால் சரி. மகுடத்தை மூழ்கவிட வேண்டாம், நடு ஒட்டும் பிரிந்துவிடும்.

வெண்கட்டி

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். மொசசார் பல் தாடைக் கல்லோடு வருகிறதே, அதற்கும் இதே சோதனைகளா?

கிளிஞ்சல்

மொசசார் டைனோசரே இல்ல, கடல்ல வாழ்ந்த ஊர்வன. அது வேற ஊரும்கூட: கெம் கெம் மொராக்கோவோட தென்கிழக்கு, மொசசார் பல் வர்றது அதே நாட்டுல கூரிப்கா பக்கத்து ஃபாஸ்பேட் சுரங்கத்துல இருந்து. வயசும் 7 கோடி ஆண்டை ஒட்டி.

பல் அனேகமா அசலா இருக்கும், தாடைதான் புனைவு. அதே சுரங்கத்து மணலைப் பசையில குழைச்சு, மீன் எலும்புச் சில்லைத் தூவி, அதுல பல்லைச் செருகிடுவாங்க. மணல் சரியா இருக்குன்னு ஏமாறக் கூடாது, மணலும் அசல்தான்! அசல் தாடையில ஒவ்வொரு பல்லும் எலும்புப் பீடத்து மேல நிக்கும், அந்தப் பீடத்துல எலும்போட துளையமைப்பு தெரியும், பல்லுங்க அளவும் வரிசையா மாறும். போலியில பல் நேரா மணலுக்குள்ள போகும், பக்கத்துப் பக்கத்துல வேற வேற விலங்கோட பல் இருக்கும். பல்லைச் சுத்தி ஒரு சொட்டு வெந்நீர் விட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு ஊசியால தொடுங்க. குழைஞ்சா பசை. ஆனா அசல் ஃபாஸ்பேட் மணலும் மிருதுதான், பொலபொலன்னு உதிரும். உதிர்றதுக்கும் பிசுபிசுன்னு இழுக்குறதுக்கும் வித்தியாசம் பாருங்க.

பவளத்திட்டு

வேர் வந்துவிட்டது. உள்ளே மணல், இரண்டு எலும்புச் சில்லு, வேறு ஏதோ பல்லின் சிறு துண்டு. கம்பி இல்லை. மகுடத்தின் அடி இப்போது தெரிகிறது: குழிந்து, ஓரம் ஒழுங்கற்று இருக்கிறது. எனாமல் வளையம் மெல்லியதாக, உள்ளே டென்டின், நடுவில் கடினமான செந்நிறப் படிவு.

நன்றாக உலர்த்தி எடுத்த எடை: மகுடம் 18.4 கிராம், நீரில் 7.0. அடர்த்தி 2.63. வேர் 14.1, நீரில் 7.2. அடர்த்தி 1.96. மிச்சம் 1.1 கிராம் தூளாகப் போயிற்று.

கிளிஞ்சல்

அப்போ உதிர்ந்த மகுடம்தான், அருமை. வேரைக் கழட்டின பிறகுதான் பல் அழகா இருக்கு.

பவளத்திட்டு

ஸ்பைனோசார்தான் என்பதில் உறுதியா? முதலைப் பல்லாக இருக்க முடியுமா?

எலும்புக்கோடு

கெம் கெம்மில் எலோசூகஸ் போன்ற பெரிய முதலைகளும் உண்டு. அவற்றின் பல் ஸ்பைனோசார் பெயரில் விற்பனையாவதும் உண்டு. முதலைப் பல் குட்டையாக, பருமனாக, வாயின் உட்புறம் நோக்கி வளையும். விளிம்புக்கோடுகள் அந்த வளைவின் இரு பக்கவாட்டில் அமையும். வரிகள் நெருக்கமாக, நுனியருகே ஒன்றோடொன்று கலக்கும். உங்களுடையது நீண்டு, லேசாகப் பின்னோக்கிச் சாய்கிறது, விளிம்புக்கோடு சாய்வின் முன்னும் பின்னும் ஓடுகிறது. குறுக்குவெட்டு 21க்கு 18, சற்றே பக்கவாட்டில் அமுங்கிய வட்டம். ஸ்பைனோசார் என்பதில் ஐயமில்லை.

ஆனால் "ஈஜிப்டியாகஸ்" என்று எழுத வேண்டாம். அந்தப் பெயர் 1915இல் ஜெர்மன் ஆய்வாளர் ஸ்ட்ரோமர் எகிப்தின் பஹாரியாவில் கிடைத்த எலும்புகளுக்கு வைத்தது. அவை 1944இல் மியூனிக் குண்டுவீச்சில் அழிந்தன. கெம் கெம்மில் ஒரே ஒரு ஸ்பைனோசார் இனம்தானா என்று இன்னும் வாதம் நடக்கிறது. தனிப் பல்லை வைத்து இனம் சொல்ல முடியாது, குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள்.

இதே ஊரிலிருந்து "டெல்டாட்ரோமியஸ் பல்" என்று நிறைய விற்கிறார்கள். 1996இல் பெயரிடப்பட்ட அந்த விலங்குக்கு மண்டையோடே கிடைக்கவில்லை. எந்தப் பல் அதனுடையது என்று யார் சொன்னார்கள்? "ராப்டர் பல்" என்று வருபவையும் பெரும்பாலும் அபெலிசாரிட் என்ற வேறொரு ஊனுண்ணி டைனோசர் வகை. "ஆப்பிரிக்க டி. ரெக்ஸ்" என்றால் கார்காரொடொன்டோசாரஸ். அது தட்டையான கத்திப் பல், விளிம்பில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு ரம்பக் கூர்கள். அதை வாங்குபவர்கள் கூர்களை லென்ஸில் பாருங்கள். அசலில் அளவு படிப்படியாக மாறும். அரத்தால் வெட்டியவை பள்ளம் மட்டும் கொண்டு, உருண்ட தலை இல்லாமல் நிற்கும்.

வெண்கட்டி

அரியலூர் டைனோசர் பல் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?

எலும்புக்கோடு

கூடாது. அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் டைனோசர் எச்சம் கிடைத்தது உண்மை. அங்கிருந்து 2013இல் வெளியான, ட்ரூடொன்டிட் என்ற சிறு டைனோசர் வகையின் பல் உலக அளவில் பேசப்பட்டது. ஆனால் அவை சிலவே, ஆய்வகங்களில் இருக்கின்றன. அரியலூர்ப் பக்கம் மிகுதியாகக் கிடைப்பவை அம்மோனைட், கிளிஞ்சல் போன்ற கடல் உயிர்களின் படிவங்கள். 2020இல் பெரம்பலூரில் "டைனோசர் முட்டை" என்று பரவியவை அம்மோனைட் படிந்த உருண்டைக் கற்கள். மங்கோலியாவிலிருந்து வருவதையும் தொடாதீர்கள், அங்கிருந்து கொண்டுபோவதே சட்டவிரோதம். 2012இல் நியூயார்க்கில் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போன டார்போசாரஸ் என்ற மங்கோலிய டைனோசரின் எலும்புக்கூட்டை அமெரிக்க அரசு கைப்பற்றி மறு ஆண்டு திருப்பி அனுப்பியது.

பவளத்திட்டு

நடுவில் உள்ள நிரப்பலையும் எடுத்துவிடலாமா?

சுண்ணாம்புக்கல்

எடுக்கலாம், ஆனால் தேவையில்லை. எடுத்தால் இரண்டு துண்டும் இடைவெளியோடு நிற்கும், திரும்ப ஒட்டப் பிடிமானம் குறைவு. மேலே பூசிய நிறத்தை மட்டும் அசிட்டோன் பஞ்சால் துடைத்துவிடுங்கள், நிரப்பிய இடம் வெளிப்படையாகத் தெரியட்டும்.

மகுடத்தின் அடியில் டென்டின் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் பாரலாய்ட் பி-72 மணிகள் 1 கிராமை 50 மி.லி. அசிட்டோனில் கரைத்துத் தூரிகையால் அடியில் மட்டும் தடவுங்கள், உறிஞ்சும்வரை. மணிகளைத் துணிப்பொட்டலமாகக் கட்டித் தொங்கவிட்டால் அடியில் கட்டி பிடிக்காமல் கரையும். என்றைக்காவது நடு ஒட்டு விட்டுப்போனால் அதே மணி 1 கிராமுக்கு 1 மி.லி. என்ற கெட்டிக் கரைசல் பசையாகும். சூப்பர் க்ளூ வேண்டாம்.

பவளத்திட்டு

லேபிள் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஸ்பைனோசாரிடே, இனம் தெளிவில்லை. உதிர்ந்த மகுடம், 68 மி.மீ. கெம் கெம், தென்கிழக்கு மொராக்கோ. செனோமேனியன் காலம் (ஏறத்தாழ 10 கோடி ஆண்டு). நுனியிலிருந்து 40 மி.மீ.யில் முறிவு, 6 மி.மீ. நிரப்பல். செயற்கை வேர் அகற்றப்பட்டது."

மணல்மேடு

அடியில் பாரலாய்ட் தடவினால் அதையும், விகிதத்தையும், தேதியையும் சேர்த்து எழுதுங்கள். அந்த வேரையும் தூக்கிப் போடாமல் சிறு பையில் போட்டு அதே பெட்டியில் வையுங்கள்.